இரண்டு சம்புடம் பாறை மாவு

மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. பிரிட்ஜ் ஒரு தடவை உடம்பை உதறிக்கொண்டு முனக ஆரம்பித்ததுமே பாவாயி எழுந்துவிட்டாள். காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்த உளுந்தை இரண்டு கையாலும் அள்ளிக் கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கல் சுற்றியது. ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மணி நேரம், அதற்குள் உளுந்து முடிந்து அரிசியும் முடிய வேண்டும். மலாவியின் இந்த லிலாங்வே ஊரில் கரண்டுக்கு ஓர் அட்டவணை உண்டு, அந்த அட்டவணையைக் கரண்டு படிப்பதில்லை. மூன்று மணிக்குப் போர்வெல் வண்டி முதலாளி சின்னுசாமி வருவான். பாஸ்போர்ட் ரெண்டையும் எடுத்து வையுங்கக்கா, சாம்பியாவுக்கு பர்மிட் போட்டுரலாம் என்று காலையில் போனில் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் இரண்டும் அரிசி டிரம்மின் அடியில், பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டின புருஷன் செங்கோடனுக்கும் தெரியாது. அவருக்கு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று என்றைக்கும் தெரிந்ததில்லை, பூமிக்குள் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே. கொடுக்கத்தான் போகிறோம். திருச்செங்கோட்டிலிருந்து மலாவிக்கு வந்தபோதும் இப்படித்தான் யாரோ கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள். அப்போதும் உளுந்து ஊறிக்கொண்டிருந்ததா என்று யோசித்தாள். இருக்கும். எப்போதுதான் ஊறாமல் இருந்தது.

கல்லின் கடகடவுக்கு அடியில் உள் அறையிலிருந்து இருமல் வந்தது. வந்ததா, இல்லை கல்லில் உளுந்து சிக்கிய சத்தமா. கையை நனைத்து மாவைத் தள்ளிவிட்டாள். இருமல்தான். மூன்று தடவை சேர்ந்தாற்போல், பிறகு ஒரு நீளமான இழுப்பு, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் அவளுக்குப் பயம். இருமும்போது ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது, நின்றதும் அடுத்த இருமல் வருகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தன் இருமல் கேட்பதில்லை. இருபத்தாறு வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காது. நான் எங்க இருமினேன் என்று நிஜமாகவே கேட்பார், பொய்யில்லை. ராத்திரியெல்லாம் இருமிவிட்டுக் காலையில் நல்லாத் தூங்கினேன் புள்ள என்பார். கேட்கிற காது இவளுக்கு, இருமுகிற நெஞ்சு அவருக்கு என்று கடவுள் பங்கு பிரித்துவிட்டான். நல்ல பங்கு.

எந்த நாடு நல்ல நாடு, இதுதான் இந்த ஒரு மாதமாக எல்லார் வாயிலும் பேச்சு. போர் போடுகிற வண்டி டீசல் இல்லாமல் வாசலில் மாமரத்தடியில் நிற்கிறது, அதன்மேல் பறவை எச்சம் வெள்ளை வெள்ளையாக வழிந்திருக்கிறது. பங்க்கில் இரண்டு நாள் வரிசையில் நின்றும் கேனோடு திரும்பி வந்த டிரைவர்கள் சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு தராசு பிடிக்கிறார்கள். சாம்பியாவில் டீசல் தாராளம். ஆனால் கரண்டு இல்லை, ஏரித் தண்ணீர் இறங்கிப்போய் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். இங்கே கரண்டு தேவலாம், டீசல் இல்லை. அங்கே ரோடு வழுவழுவென்று இருக்கிறது. இங்கே மீன் நன்றாக இருக்கும். அங்கே கடைக்குள் போனால் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறான், இங்கே ஒருநாள் சர்க்கரை இருந்தால் மறுநாள் எண்ணெய் இல்லை. அங்கேயும் காசுக்குப் பேர் குவாச்சாதான், இங்கேயும் குவாச்சாதான், ஆனால் அந்தக் குவாச்சா கனம். பேச்சும் கிட்டத்தட்ட ஒன்று, களியும் ஒன்று. மாடு பிடிக்கப் போனவர்கள் பல்லைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். மகள் தேன்மொழி ராசிபுரத்திலிருந்து போன் பண்ணினால் அதுவும் இதுதான். ஏம்மா, மலாவி நல்லாருக்குமா, சாம்பியா நல்லாருக்குமா, எங்க மாமியார் கேக்கறாங்க. உன் மாமியாருக்கு என்னடி அதில் என்று கேட்க வாய்வரை வந்தது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கும் கண்ணு என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எடுத்த மூச்சில் இதைச் சொல்லிவிட்டாள். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, எந்த நாட்டில் நெஞ்சுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று கேட்டார்களா. ரோடு, கரண்டு, டீசல், மீன். மனுஷன் இருமுவது தராசில் எந்தத் தட்டு.

உளுந்து பொங்கி வந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். இந்தக் கிரைண்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்தது அவர்தான். பாவாயி இல்லாட்டி இட்லி இல்லை, இட்லி இல்லாட்டி ஆளுக நிக்க மாட்டானுக என்று சின்னுசாமியிடம் சொல்லி, சமையலுக்கு என்று அவளையும் கூட்டிவந்தார். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏழாம் வகுப்போடு நின்றவள் ஏரோப்பிளேனில் ஏறினாள் என்று ஊரே வந்து வழியனுப்பியது. வந்து இறங்கிய அடுத்த வாரமே டெட்சா பக்கம் முதல் போர். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, துளை போடும் ராடை இறக்கினார்கள். அவளும் நின்று பார்த்தாள். சிவப்பு மண் வந்தது, அப்புறம் பாறை தட்டியது, குழியிலிருந்து புகைபோலப் பாறை மாவு எழும்பி வண்டியை மூடி, ஆட்களை மூடி, அவர் இருந்த இடமே தெரியாமல் போனது. அந்தப் புகைக்குள் அவர் துண்டை வாயில் கட்டாமல் நின்றார். கட்டினா பாறை வாசம் தெரியாது புள்ள, வாசம் தெரிஞ்சாத்தான் தண்ணி எத்தனை அடிக்குக் கீழன்னு சொல்ல முடியும். தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் அந்த ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். இவளும் இட்டாள். புகைக்குள்ளிருந்து அவர் வெளியே வந்தார், புருவம், இமை, மீசை எல்லாம் வெள்ளை, சிரித்த பல் மட்டும் மஞ்சள், கிழவன் வேஷம் போட்ட மாதிரி. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். சிரித்தாளே. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பொட்டலம் பாறை மாவு கொண்டுவந்தார். புது ஊரில் முதல் போரில், பாறை தொட்டதும் பறக்கிற முதல் மாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது போர்வண்டிக்காரர்கள் வழக்கம். வைகாசித் தேருக்குப் போனபோது ஜோடியாக வாங்கிய, மூடி போட்ட எவர்சில்வர் சம்புடங்களில் ஒன்றில் அதைப் போட்டு வைத்தாள். வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் அதில் விரல் நுனியால் தொட்டு அவர் நெற்றியில் பூசிவிடுவாள், திருநீறு மாதிரி. பூசிவிட்டுக் கண்ணில் விழாமல் இருக்க ஊதியும் விடுவாள். ஆறு வருஷம். எந்த மாவு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவர் நெஞ்சை அடைக்கிறதோ அதே மாவை, கும்பிட்டு, எடுத்து, ஊதி. யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் அதுதானே செய்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை என்பதில் கோபப்படுவதா, தனக்குத் தெரியவில்லை என்பதில் கோபப்படுவதா. கிரைண்டர் ஓரத்தில் ஒட்டிய மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள், பலமாக, கல் விரலை இடித்துவிட்டுப் போனது. இடிக்கட்டும்.

சொன்னது எஸ்நாத்தான். கேட் காவல்காரனின் பெண்டாட்டி, பின்கட்டில் இருக்கிறாள், சிப்பாட்டாவில் வாக்கப்பட்ட தங்கச்சி ஒருத்தி அவளுக்கு உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம், சாம்பியாவில். இங்கிருந்து சோப்பும் அங்கிருந்து சர்க்கரையும் அக்கா தங்கச்சிக்குள் போய்வந்துகொண்டிருக்கும். போன வாரம் துணி காயப்போடும்போது எஸ்நாத் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் காது கொடுத்தாள். அமாயி என்றாள், இங்கே பொம்பளைகளை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது, அமாயி, உங்க வீட்டுக்காரர் சுரங்கத்திலயா வேலை பார்த்தார். இல்லையே, கிணறு வேலை. இந்த இருமல் எனக்குத் தெரியும் அமாயி, எங்கப்பாவுடைய இருமல். எஸ்நாத்தின் அப்பா ஜோனிக்குப் போனவர், அதாவது ஜோகன்னஸ்பர்க்குக்கு, தங்கச் சுரங்கத்துக்கு. பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு ரேடியோவும் ஒரு கம்பளியும் அந்த இருமலும் கொண்டுவந்தார். தின்னக் கொடுத்தால் தின்னாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, ஜோனியில் தெருவெல்லாம் விளக்கு, ஜோனியில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணி, உங்க ஊரும் ஒரு ஊரா என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். மூச்சு வாங்க வாங்கச் சொல்வாராம். கடைசி நாள்கூட அதைத்தான் சொன்னார் என்று எஸ்நாத் சிரித்தாள். சிரித்துவிட்டு ஈரத் துணியை உதறினாள். பாவாயிக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டாள். அம்மாவா, அம்மா ரேடியோவை வித்துட்டா.

அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனாள், கடைத்தெரு முனையில் இருக்கிற கிளினிக்குக்கு. டாக்டர் இந்த ஊர்ப் பேச்சு தெரியாத சின்னப் பையன், இங்கிலீஷில் என்ன வேலை என்று கேட்டான். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாட்டர் வாட்டர் என்றார். ஊர் ஊராகத் தண்ணீர் கொடுக்கிறவராம். டாக்டர் சந்தோஷப்பட்டுக் கை கொடுத்தான், சளி மருந்து எழுதினான். பாவாயி பக்கத்தில் நின்றாள். தூசி என்று சொல்ல வேண்டும். தூசிக்கு இங்கிலீஷில் என்ன. பாறை தெரியும், ராக். புகை தெரியும். தூசி தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் நிறுத்தி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க அனுப்பினார்களே, எட்டாம் வகுப்பில் இருந்திருக்குமோ அந்தச் சொல். கையால் நெஞ்சைக் காட்டி, ஊதிக் காட்டி, என்னென்னவோ செய்தாள். டாக்டர் அவளுக்கும் ஒரு சிட்டை எழுதப் போனான். வெளியே வந்ததும் இவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் கேட்டாள். டஸ்ட்டும்மா. அவ்வளவுதானா. இத்தனூண்டு சொல்லா. டஸ்ட். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். டஸ்ட். படுத்தபிறகு சொல்லிப் பார்த்தாள். இப்போதும் கல்லோடு சேர்ந்து அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது. டஸ்ட், டஸ்ட். கிளினிக்கில் வாயில் வராத சொல் இங்கே யாரும் கேட்காதபோது ஓயாமல் வருகிறது.

போன மாதம் அவரும் சின்னுசாமியும் சாம்பியாவுக்குப் போய், அங்கே ஒரு வாடகை வண்டியில் சோதனைக்கு ஒரு போர் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். நானூறு அடி. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஒரே பெருமை. இன்னொரு பொட்டலம் வந்தது, ஜோடியில் காலியாக இருந்த சம்புடம் நிரம்பியது. மலாவி வலது பக்கம், சாம்பியா இடது பக்கம், நடுவில் அர்த்தநாரீசுவரர். அந்த நானூறு அடிக்குப் பிறகுதான் இருமலுக்கு நடுவில் அந்த நீள இழுப்பு வந்தது. இனி அங்கே எத்தனை போர். தினம் ஒன்று என்கிறான் சின்னுசாமி, டீசல்தான் தாராளமாயிற்றே. இங்கே டீசல் இல்லாததால்தான் இந்த மனுஷன் இந்த ஒரு மாதம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்று திடுக்கென்று தோன்றியது. தோன்றியதும் கை நின்றது. எல்லாரும் திட்டுகிற அந்தப் பங்க்கு வரிசை, வறண்ட பம்ப்பு, அதுதான் அவருக்கு மருந்து. அப்படியானால் எது நல்ல நாடு, சொல்லுங்களேன், முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்களே, எது. வண்டி நிற்கிற நாடா, வண்டி ஓடுகிற நாடா.

உளுந்தை வழித்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டாள். அரிசி நறநறவென்று விழுந்தது. இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தால் போதும். சாமி, முக்கால் மணி நேரம் கொடு. கல் பத்துச் சுற்று சுற்றியிருக்கும், இருபது சுற்றியிருக்கும், கரண்ட் போய்விட்டது. பிரிட்ஜ் அடங்கியது. கல் தன் பாட்டுக்கு அரைச் சுற்று வந்து, நின்றது. வீடு முழுவதும் திறந்துகொண்ட மாதிரி ஒரு அமைதி, அந்த அமைதிக்குள் உள் அறை இருமல் பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது போல் கேட்டது. அப்போதுதான் தெரிந்தது, இந்த ஒரு மணி நேரமும் அவள் மாவு மட்டும் ஆட்டவில்லை, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். கேட்டில் ஹார்ன் அடித்தது. மூன்று மணி என்று சொன்னவன் இரண்டேகாலுக்கே வந்துவிட்டான்.

"என்னங்கக்கா, மாவாட்டறீங்களா? எனக்கும் நாலு இட்லி எடுத்து வையுங்க" என்று செருப்பை வாசலில் விட்டபடியே உள்ளே வந்தான் சின்னுசாமி. அவளைவிடப் பத்து வயது இளையவன், பக்கத்து ஊர்க்காரன், நல்ல வெள்ளைச் சட்டை.

"கரண்டு போயிருச்சுங்க தம்பி. அரிசி பாதியில நிக்குது."

"அதுக்குத்தான் சொல்றனுங்க. அங்க வந்தீங்கன்னா வீட்டுக்கு சோலாரு போட்டுத் தந்தறேன். இந்த ரோதனையே இல்ல."

செங்கோடன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தூங்கி எழுந்த முகம், கண்ணுக்குக் கீழே பள்ளம். "அவளுக்கு இந்த ஊரு புடிச்சுப்போச்சு தம்பி. அந்த எஸ்நாத்தக் கூட்டியாந்தாத்தான் வருவா போல" என்று சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அண்ணனுக்கு அங்கத்த வெயில் பட்டாச் சளியெல்லாம் ஓடிப்போகும். நீங்களே சொல்லுங்கக்கா, மலாவி ஒசத்தியா, சாம்பியா ஒசத்தியா? மனசுல இருக்கறதச் சொல்லுங்க. சொல்லீட்டுப் பாஸ்போர்ட்ட எடுங்க."

இவனுமா. பாவாயி உள்ளே போனாள். டிரம்மைத் திறந்து அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அரிசி குளிர்ச்சியாக இருந்தது. விரலில் பை தட்டுப்பட்டது. எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், டீ குடிப்பார்கள், அடுத்த மாதம் புது வீடு, புது ஜன்னல், அந்த ஜன்னல் பக்கம் துணி காயப்போடுகிற வேறொருத்தி கையை நிறுத்திக் காது கொடுப்பாள். கையை வெளியே எடுத்தாள். வெறும் கை, முழங்கை வரை அரிசித் தவிடு. சாமி மாடத்துக்குப் போய் இரண்டு சம்புடத்தையும் எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"இதுல எது மலாவி, எது சாம்பியான்னு சொல்லுங்க. சரியாச் சொல்லீட்டா ரெண்டு பாஸ்போர்ட்டும் உங்க கைல."

"பரீட்சை வெக்கறீங்களாக்கா" என்று சின்னுசாமி சிரித்தபடி குனிந்து பார்த்தான். இரண்டும் சாம்பல். இரண்டும் ஒரே மாதிரி மினுக்கு. "நமக்கென்னங்க தெரியும். அண்ணனக் கேளுங்க, மோந்து பாத்தே சொல்லீருவாரு."

மோந்து பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாளா. வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. செங்கோடன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தொழில்காரன் முகம் வந்துவிட்டது அவருக்கு. ஒன்றில் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்தார். "இது நம்ம டெட்சாவுல போட்டது" என்றார். மற்றதில் கிள்ளித் தேய்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "இரு" என்றார். முதல் சம்புடத்தை மறுபடியும் தொட்டார். பிறகு சம்புடத்தையே தூக்கி மூக்கருகில் கொண்டுபோய் இழுத்தார்.

இருமல் அவரை நாற்காலியோடு குலுக்கியது. சம்புடம் கையில் அதிர்ந்து மாவு பறந்தது, மேசைமேல், அவர் மீசைமேல், சின்னுசாமியின் வெள்ளைச் சட்டைமேல். சின்னுசாமி சட்டென்று எழுந்து இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

பாவாயி செங்கோடனின் முதுகைத் தடவிக்கொண்டே அந்தக் கைக்குட்டையைப் பார்த்தாள். இருமல் ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு சிட்டிகைக்கே உங்களுக்கு மூக்கப் பொத்தத் தோணுதுல்ல தம்பி. அவுரு இருபத்தாறு வருசமா அதுக்குள்ள நிக்கறாரு."

சின்னுசாமி கைக்குட்டையை இறக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காத்தால நீங்க வந்த வண்டிய அனுப்புங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் புடிக்கோணும். டஸ்ட்டுன்னு நானே சொல்லிக்கறேன். படம் பாத்து டாக்டர் சொன்ன பொறகுதான் பாஸ்போர்ட்டு. டீசல் இல்லீன்னு மட்டும் சொல்லீராதீங்க. பாஸ்போர்ட்டு வாங்கறதுக்கு வர இருந்த டீசலு அதுக்கும் இருக்கும்."

சின்னுசாமி செங்கோடனைப் பார்த்தான். அண்ணன் ஒரு அதட்டல் போடுவார் என்று காத்திருந்தான் போல. செங்கோடன் நிமிரவில்லை. மேசையில் சிந்தியதை விரலால் தொட்டார். மறுபடியும் தேய்த்தார். மறுபடியும். நானூறு அடிக்குக் கீழே என்ன பாறை என்று சொல்லிய விரல்.

"தெரியல தம்பி" என்றார். "எது எதுன்னு தெரியல." பிறகு, அவளைப் பார்க்காமல், "காத்தால எத்தன மணிக்குப் போகோணும் புள்ள?"

"எட்டு மணிக்கு" என்றாள் பாவாயி.

கிரைண்டருக்குப் போனாள். மாவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள், பாதிதான் அரைபட்டிருந்தது, நறநறத்தது. இப்படியே விட்டால் புளித்து வீணாகும். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. காலை அகட்டி நின்று இன்னொரு தடவை தள்ளினாள். கால் சுற்று வந்தது.